சூப், சோபா, சந்தேகம்

"கொலை!" என்றார் மச்சான்.

"ஆள் இன்னும் உயிரோட இருக்காரே சார்" என்றான் ரேடியோ.

"அப்ப கொலை முயற்சி!"

"இது தேவலை. ஜெயில் கொஞ்சம் கம்மி."

ஐசியூ வாசலில் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் மச்சான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்திருந்தார். உள்ளே கிடப்பவர் அவருடைய அக்கா புருஷன், சோபா கடை முதலாளி. அவருக்கு மச்சான் என்பதால் கடையில் எல்லோருக்குமே இவர் மச்சான்தான். கடையில் வேலை பார்ப்பதாக அவர் சொல்லிக்கொள்வார். கடையில் இருப்பதாக மற்றவர்கள் சொல்வார்கள்.

துப்பறிவாளர் மேடம் எதிரே கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஊரே 'சந்தேகம் மேடம்' என்றுதான் சொல்லும். யாராவது குட் மார்னிங் சொன்னால்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறவர். அவருடைய உதவியாளனுக்கு ஏன் ரேடியோ என்று பெயர் வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனே விளக்கிவிடுவான், நிறுத்தாமல்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

"காலையில கடை திறந்தோம் மேடம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சோபா பார்க்க வந்தாங்க. அத்தான் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நின்னார். திடீர்னு அவங்களைப் பார்த்து, 'இதை வாங்காதீங்க, சீக்கிரம் குழி விழுந்துடும்'னு சொல்லிட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நம்ம கடை பாலிஷ்காரர் ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டார். அத்தான் கடையில நின்னு உண்மை பேசினா, மூளை கலங்கிடுச்சுன்னுதானே அர்த்தம்? ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள விழுந்துட்டார். எல்லாம் இந்த சூப்தான் மேடம். ஒரு வாரமா மருமக கொடுத்தனுப்பற சூப்! அவளைப் பிடிச்சு உள்ளே வைங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோபாக்காரரின் மனைவி தலை நிமிர்ந்தார். "வாயை மூடுடா. அந்தப் பொண்ணை வீட்டுக்குத் துரத்திவிட்டாச்சுல்ல, இன்னும் என்ன?"

ஐசியூ கதவு திறந்தது. குள்ளமாக ஒரு டாக்டர் வெளியே வந்தார். தூங்கிப் பல நாளானவர் போல முகம், ஆனால் பேச்சில் மட்டும் எக்ஸ்பிரஸ் வேகம்.

"விஷம்னு சத்தம் போடறது யாரு? விஷம் இல்லை. இது செப்டிக் ஷாக்."

"ஷாக்கா? கரண்டா?" என்று மச்சான் திடுக்கிட்டார்.

"சூப்புல கரண்ட் வைக்க முடியாது சார்" என்றான் ரேடியோ.

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அம்மா, அவர் உடம்புல எங்கயோ கிருமி புகுந்திருக்கு. சாதாரணமா உடம்பு அந்த இடத்துலயே சண்டை போட்டு முடிச்சிடும். இவருக்குச் சண்டை உடம்பு முழுக்கப் பரவிடுச்சு. ரத்தக்குழாய் எல்லாம் தொளதொளன்னு விரிஞ்சு, கசியவும் ஆரம்பிச்சிடுச்சு. பிரஷர் அதல பாதாளத்துல இருக்கு. மூளைக்கு ரத்தம் போதலை, அதான் உளறல். கிட்னிக்குப் போதலை, அதான் யூரின் நின்னுபோச்சு."

"திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் வீட்டுக்காரங்களைப் போட்டு அடிக்கிற மாதிரி" என்றான் ரேடியோ.

"அதேதான். உங்களுக்கு மெடிக்கல் சீட் கொடுத்திருக்கலாம்."

"எனக்கு ரத்தம் பார்த்தா மயக்கம் வரும் டாக்டர்."

"பிழைப்பாரா?" என்று கேட்டார் மனைவி.

"முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்மா. வந்த உடனேயே டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் போட்டாச்சு. எந்தக் கிருமின்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. அதனால பல வகைக் கிருமியையும் அடிக்கிற மருந்து. ஆக்ஸிஜன் போகுது. சலைனை வேகமா ஏத்தினோம், பிரஷர் எழுந்திருக்கலை. குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற மருந்து ஒண்ணு பம்புல ஓடிக்கிட்டிருக்கு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அதோட அளவை ஏத்திக்கிட்டே போறேன். அதான் எனக்குப் பிடிக்கலை. எங்கயோ சீழ் கட்டி நிக்குது. அதைக் கண்டுபிடிச்சு வெளியேத்தணும். இல்லைன்னா குழாயைத் திறந்து விட்டுட்டு வீட்டைத் துடைக்கிற கதைதான்."

"எங்கெல்லாம் தேடினீங்க?" என்றார் மேடம்.

"நுரையீரல் சுத்தம். யூரின் சுத்தம். வயித்தைக் கட்டில்லயே ஸ்கேன் பண்ணியாச்சு, ஒண்ணுமில்லை. சுகர்காரராச்சேன்னு கால் விரல் இடுக்கு வரைக்கும் பார்த்தாச்சு. பெரிய ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோகணும்னா, இந்தப் பிரஷர்ல தள்ளிக்கிட்டுப் போறதே ஆபத்து. கட்டில்ல லேசாத் திருப்பினாலே விழுது. அவரைக் கேட்டா 'தள்ளுபடி உண்டு, தள்ளுபடி உண்டு'ங்கறார்." டாக்டர் சட்டென்று மேடத்தைப் பார்த்தார். "நீங்க யாரு, போலீஸா?"

"தனியார் துப்பறிவாளர்."

"நல்லதாப் போச்சு. நான் உள்ளே தேடறேன், நீங்க வெளியே தேடுங்க. இந்த ஒரு வாரமா இந்த மனுஷனுக்கு எங்க வலிச்சது? அது தெரிஞ்சா எனக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அந்த நேரம் ஒரு நர்ஸ், சோபாக்காரரின் சட்டைப் பையிலிருந்ததை மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சீப்பு, மூக்குக் கண்ணாடி, காலியான மாத்திரை அட்டை.

மேடத்தின் கை நேராக அட்டைக்குப் போனது.

"அது ஏதோ பழசு மேடம்" என்று மச்சான் அவசரமாகக் குறுக்கே வந்தார். "நீங்க சூப்பைப் பாருங்க!"

மேடம் சூப்பைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தார். பிறகு அட்டையை டாக்டரிடம் நீட்டினார்.

"வலிக்கும் ஜுரத்துக்கும் போடற மாத்திரை" என்றார் டாக்டர். "இதை முழுங்கிக்கிட்டே இருந்தா ஜுரம் வெளியே தெரிஞ்சிருக்காது. எங்க வலின்னு இதைப் போட்டார்?"

"வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" என்றார் மனைவி.

மேடம் அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "ரேடியோ, வண்டியை எடு."

"கைது பண்ணவா மேடம்?" என்றார் மச்சான் ஆசையாக.

"வலியைத் தேட."

*

சோபாக்காரர் வீட்டு சமையலறையில் மருமகள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பளபளவென்றிருந்த அடுப்பு அது. கண் சிவந்திருந்தாலும் குரல் நிமிர்ந்தே இருந்தது.

"கைது பண்ண வந்தீங்களா? இருங்க, கேஸை மூடிட்டு வர்றேன்."

"சூப் மிச்சம் இருக்கா?" என்றார் மேடம்.

"பாத்திரத்துல இருக்கு. எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணுங்க."

திரும்பிப் பார்த்தபோது டெஸ்ட் முடிந்திருந்தது. ரேடியோ காலிக் கப்போடு நின்றான். "விஷம் இல்லை மேடம். உப்புதான் கொஞ்சம் கம்மி."

"டாக்டர் மாமாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார்" என்றாள் மருமகள். "சூப் வைக்கச் சொன்னதே மாமாதான். போன வாரம் திடீர்னு, 'கெட்டியா எதுவும் வேண்டாம்மா, தண்ணியா ஏதாவது குடு'ன்னார். அதையும் பாதிதான் குடிப்பார். நல்லா சாப்பிடற மனுஷன்."

ரேடியோ விரலைச் சொடுக்கினான். "பல்லு! மேடம், கேஸ் முடிஞ்சது. பல்லு வலி. கடிக்க முடியலை, அதான் சூப். ஈறுல சீழ் பிடிச்சிருக்கு. டாக்டருக்கு போன் போடறேன்."

"போடுங்க" என்றாள் மருமகள். "ஆனா மாமாவோட பல்லு அத்தனையும் இங்கதான் இருக்கு."

ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளரைக் காட்டினாள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் தண்ணீருக்குள் ரேடியோவைப் பார்த்துச் சிரித்தன.

"சாட்சி பல்டி அடிச்சிடுச்சு மேடம்" என்று போனைப் பைக்குள் வைத்தான்.

"சாப்பாடு இறங்கறதுல அவருக்குப் பிரச்சினை இல்லை போலிருக்கு" என்றார் மேடம் மெதுவாக. "வேற ஏதாவது புதுசா பண்ணினாராம்மா?"

மருமகள் யோசித்தாள். "மூணு தெரு தள்ளி இருக்கிற கடைக்கு ஸ்கூட்டர்ல போகாம நடந்து போனார், திரும்பி வந்து மாடியும் ஏறினார். உடம்புக்கு நல்லதுன்னார். ரெண்டு நாளா மூச்சு மட்டும் வேகமா வாங்கிச்சு. கேட்டா, நடந்தா அப்படித்தான்னார். அப்புறம்..." சற்றுத் தயங்கினாள். "பாப்பாவோட நீச்சல் டியூபைக் காணோம். அதுக்கும் மாமாவுக்கும் சம்பந்தம் இருக்காது."

"மூணு தெரு நடந்திருக்கார், மாடி ஏறியிருக்கார்" என்று ரேடியோ முணுமுணுத்தான். "அப்ப காலும் இல்லை, முட்டியும் இல்லை. இடுப்பா?"

மேடம் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார்.

*

சோபா கடையில் பாலிஷ்காரர் மட்டும் இருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வரிசையாகச் சோபாக்கள் பிளாஸ்டிக் உறையோடு உட்கார ஆளில்லாமல் கிடந்தன. ரேடியோ கிடைத்த முதல் சோபாவில் பொத்தென்று விழுந்தான்.

"முதலாளி எப்படி இருக்கார்?" என்று கேட்டார் பாலிஷ்காரர். வார்னிஷ் படிந்த துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அது உங்க பதில்ல இருக்கு" என்றார் மேடம். "ஒரு வாரமா அவர்கிட்ட என்ன மாற்றம் பார்த்தீங்க?"

"அவர் நல்ல மனுஷன்மா."

"நல்ல மனுஷன் இந்த வாரம் எப்படி வியாபாரம் பண்ணினார்?"

பாலிஷ்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "வழக்கமா கஸ்டமர் வந்தா, முதலாளி சோபாவுல உட்கார்ந்து ரெண்டு தடவை எம்பிக் குதிப்பார். 'பாருங்க, ஸ்பிரிங் பேசுது'ன்னு சொல்வார். அவர் குதிக்கிறதைப் பார்த்தே பாதிப் பேர் வாங்கிடுவாங்க. இந்த வாரம் என்னைக் குதிக்கச் சொல்லிட்டார்."

"உங்களையா?"

"ஆமா. கை நிறைய வார்னிஷோட நான் குதிச்சேன். ஒருத்தரும் வாங்கலை."

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. மேடத்துக்கு வரவில்லை. அவர் விறுவிறுவென்று கல்லா மேஜைக்குப் போய் முதலாளியின் நாற்காலியை இழுத்தார். அதன் மேல் ஒரு டர்க்கி டவல் விரித்திருந்தது. டவலைத் தூக்கினார்.

கீழே மஞ்சள் வாத்துப் படம் போட்ட ஒரு நீச்சல் டியூப். நன்றாகக் காற்றடைத்து, நடுவில் ஓட்டையோடு.

"ரேடியோ, இந்த மனுஷன் நடக்கிறார். நிக்கிறார். மாடி ஏறறார். ஆனா ஸ்கூட்டர் வேண்டாம். சோபா வேண்டாம். கெட்டியாச் சாப்பிட்டா மறுநாள் காலையில போக வேண்டிய இடத்துக்குப் போகணும், அதனால சாப்பாடும் வேண்டாம். என்ன பண்ண முடியலை அவரால?"

"உட்கார முடியலை" என்றான் ரேடியோ. சொன்ன பிறகுதான் அவனுக்கே புரிந்தது. சோபாவிலிருந்து மெல்ல எழுந்து நின்றான். "மேடம்... அந்த இடமா?"

"அந்த இடம்தான். டாக்டருக்குப் போடு."

ரேடியோ போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "டாக்டர், கண்டுபிடிச்சிட்டோம். அது வந்து... வீட்டோட பின்பக்கம்... இல்லை, அவங்க வீடு இல்லை... வாசலுக்கு நேர் எதிர்ல..."

மேடம் போனைப் பிடுங்கினார். "டாக்டர், ஆசனவாய்ப் பக்கத்துல கட்டி. ஒரு வாரமா உட்கார முடியாம மறைச்சுக்கிட்டு இருந்திருக்கார்."

மறுமுனையில் டாக்டர் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அட! ஆழமா இருந்தா வெளியே வீக்கம்கூடத் தெரியாது. மல்லாக்கவே வச்சிருக்கோம்..." பிறகு போனை மூடாமலே டாக்டர் யாரிடமோ கத்துவது கேட்டது. "மருந்தைக் கொஞ்சம் ஏத்துங்க, நாலு பேர் வாங்க, ஒருக்களிச்சுத் திருப்பணும். சர்ஜனைக் கூப்பிடுங்க!"

அடுத்து வந்த சத்தம் சோபாக்காரருடையது. காலையிலிருந்து தள்ளுபடி தவிர எதுவும் பேசாத மனிதர், டாக்டரின் விரல் பட்டதும் போட்ட கத்தலைப் போனில் கேட்ட பாலிஷ்காரருக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

"அங்கதான்" என்றார் டாக்டர். போன் அணைந்தது.

கடையை விட்டு இறங்கியதும் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மேடம் நின்றார். காலி அட்டையைக் காட்டினார். கடைக்காரர் பார்த்தார், கேட்டதற்கு ஒரு பெயரைச் சொன்னார்.

"சத்தியமாவா?" என்றான் ரேடியோ.

*

அவர்கள் திரும்பியபோது சோபாக்காரரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மச்சானும் ஃபிளாஸ்க்கும் அதே இடத்தில் இருந்தார்கள். மருமகளும் வந்து, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தீங்களா மேடம், தைரியமா இங்கயே வந்திருக்கா!" என்றார் மச்சான்.

"ஃபிளாஸ்க்கைக் கீழே வைங்க" என்றார் மேடம். "அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தது யாரு?"

"எந்த மாத்திரை?"

"'ஏதோ பழசு'ன்னு நீங்க சொன்னீங்களே. பார்க்கிறதுக்கு முன்னாடியே பழசுன்னு தெரிஞ்ச அந்த மாத்திரை. மெடிக்கல் ஷாப்காரர் உங்களைத்தான் சொல்றார். போய் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்கன்னு அவர் சொன்னாராம். நீங்க முதுகு வலிதான்னு சொல்லிட்டீங்களாம்."

மச்சான் பெஞ்சில் சரிந்து, சின்னப் பிள்ளை போல அழ ஆரம்பித்துவிட்டார்.

"அத்தான் முதுகு வலின்னுதான் சொன்னார் அக்கா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டார். தினமும் வாங்கிக் கொடுத்தேன். காலையில அவர் விழுந்ததும், நான் கொடுத்த மாத்திரைதான் கொன்னுடுச்சுன்னு நினைச்சேன். அது சூப்பா இருந்துடக் கூடாதான்னு... யாரையாவது வச்சு அது சூப்தான்னு கண்டுபிடிச்சிடலாம்னு..."

"துப்பறியற ஆளை இப்படியும் உபயோகிக்கலாம் போலிருக்கு" என்றான் ரேடியோ.

மருமகள் எழுந்தாள். மச்சான் அடிவிழும் என்று முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் சூப்பை ஊற்றி அவர் முன் நீட்டினாள். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைல்ல? குடிங்க."

மச்சான் மூடியை வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மன்னிப்பு கேட்டார்.

சோபாக்காரரின் மனைவி தம்பியைப் பார்க்கவே இல்லை. தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுக்கிட்டே சாப்பிட்டார்" என்றார் யாரிடமோ போல. "ஏன்னு கேட்டேன். நின்னு சாப்பிட்டா ஆயுசு கூடுமாம், எங்கயோ படிச்சாராம். நானும் தட்டை எடுத்துக்கிட்டு அவர் பக்கத்துல நின்னேன் மேடம். ஒரு வாரமா நின்னேன், முட்டி போச்சு. அப்பகூட வாயைத் திறக்கலையே அந்த மனுஷன்!"

மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தியேட்டரிலிருந்து ஐசியூவுக்குக் கட்டில் திரும்பியது. சர்ஜன் கட்டியைத் திறந்து சீழையெல்லாம் வடித்துவிட்டாராம். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. "சீழ் போயிடுச்சு. இனிமே உடம்பு சண்டையை நிறுத்தணும். பார்ப்போம்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்தக் காத்திருப்பு மோசமாக இருந்தது. ரேடியோ ஒரு ஜோக்கை ஆரம்பித்து, நடுவிலேயே விட்டுவிட்டான். மச்சான் ஒவ்வொரு தடவை கதவு அசையும்போதும் எழுந்து நின்றார்.

சாயங்கால வெயில் வராந்தாவில் நீண்டு விழும் நேரத்தில் டாக்டர் வந்தார். முகம் முழுக்கப் பல்.

"யூரின் வருதும்மா!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கிட்னிக்கு ரத்தம் போக ஆரம்பிச்சிடுச்சு! பிரஷர் மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன், தாங்கறார். இன்னும் அபாயம் தாண்டலை. ஆனா சரியான பாதையில போறோம்."

மச்சான் கைதட்டிவிட்டார். அடுத்த நோயாளியின் சொந்தக்காரர்கள், யாருக்கோ பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது போல, கூடவே தட்டினார்கள். ஒரு மனிதரின் மூத்திரத்துக்கு இத்தனை கைதட்டலைத் தன் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றான் ரேடியோ. மனைவி மட்டும் தட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மருமகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

*

சோபாக்காரர் சாதாரண வார்டுக்கு வந்த பிறகு மேடமும் ரேடியோவும் பார்க்கப் போனார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஸ்பூனைத் தூக்கவே கை நடுங்கியது. பழைய தெம்பு வர மாதக்கணக்கில் ஆகலாம், மறதியும் அசதியும் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருக்களித்துப் படுத்திருந்தவர், வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா?" என்று தலையணைக்குள்ளிருந்து மனைவியைக் கேட்டார்.

"என்ன தெரியணும்?"

"எங்க ஆபரேஷன்னு."

"பார்க்க வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க" என்றார் மனைவி, ஆரஞ்சை உரித்துக்கொண்டே. "சொன்னேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். உங்க கடைக்காரங்க, தெருக்காரங்க, உங்க சிநேகிதங்க, ஒருத்தர் பாக்கியில்லை."

சோபாக்காரர் முனகினார். "இனிமே நான் எப்படி வெளியே தலை காட்டுவேன்?"

மனைவி ஒரு சுளையை எடுத்து, விதையை நீக்கி, அவர் வாயருகே கொண்டுபோனார். "அதுல ரெண்டு பேர் மட்டும் போன மாதிரி போயிட்டு, திரும்பி வந்தாங்க. என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'எந்த டாக்டர்'னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க."

தலையணையிலிருந்து முகம் மெல்லத் திரும்பியது. "யாரு?"

"சொல்ல மாட்டேன். பாவம், வெட்கப்படறாங்க."

சோபாக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு குலுக்கக் குலுக்க முகம் சுருங்கியது.

"என்னங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். மேடம் நிற்கிறார், ரேடியோ நிற்கிறான். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு இந்தப் பக்கமே பார்க்கிறார்.

"வலிக்குது" என்றார் சோபாக்காரர், அந்த வார்டுக்கே கேட்கும்படி.

மனைவி ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போனார்.